நிலை பெயர்ந்தது

பட்டறையை அண்ணன் தன் மகனிடம் ஒப்படைத்த அன்றே, இத்தனை காலம் அங்கே லேத்தில் இரும்பு கடைந்த தங்கை விலகிவிட்டாள். மூடிக்கிடந்த ஆலையிலிருந்து ஒரு பழைய லேத்தைப் பேரம் பேசி வாங்கினாள்.

அண்ணன் லாரி தரவில்லை, வாடகைக்குப் பிடித்தாள். வீட்டெதிரே இறக்கி, அடியில் இரும்புக் குழாய்களைப் போட்டு, அவளும் கணவனும் கடப்பாரையால் நெம்பி நெம்பி உருட்டினார்கள். வாசலில் வந்து நின்றுவிட்டது. கதவு நிலையைவிட லேத் நாலு விரல் அகலம் கூடுதல்.

தெருவே வேடிக்கை பார்த்தது. அண்ணனும் வந்தான்.

"ஆழம் தெரியாம காலை விட்டுட்டியே! எடைக்குப் போட்டுட்டு வேலைக்கு வந்துடு. என் பையன் சொல்றதைக் கேட்டுக்கிட்டு இரு."

"அவனுக்கு வேலை கத்துக்குடுத்ததே நான்தாண்ணே. எடைக்குப் போடறதுன்னா இந்தக் கதவைத்தான் போடுவேன்."

சம்மட்டியை எடுத்து நிலையில் ஓங்கி அடித்தாள். காரை பொலபொலவென்று உதிர்ந்தது.

"ராத்திரிக்குக் கதவு?" என்றான் அண்ணன்.

கணவன் சிரித்தான். "இதைத் தூக்கிட்டு ஓட எவனால முடியும், மச்சான்?"

நிலை பெயர்ந்து விழுந்தது. அவள் கடப்பாரையை மறுபடி லேத்துக்கு அடியில் கொடுத்தாள்.

"வழியை விடுண்ணே."

அண்ணன் ஒதுங்கினான். லேத் உள்ளே போயிற்று.