ஆம்ப்பில் ஒட்டிய கறுப்பு டேப்

"அண்ணே, ஆம்ப்புல ஒட்டியிருக்குற டேப்ப உரிக்கணும்" என்றேன்.

எல்லாரும் குழுவை நடத்தும் யோகேஸ்வரன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். இசைக்குழுவில் நான் சேர்ந்த அன்றே டிரம்ஸ் அடிக்கும் நிஷாந்தி சொல்லியிருந்தாள்: "யோகேஸ்வரன் அண்ணன்கிட்ட என்னா வேணுன்னாலும் கேளு நிலக்ஷி. ஆம்ப்ப தொடணும்னு மட்டும் கேட்டுறாத." கேட்ட இரண்டு பேர் இப்போது குழுவில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வரமாட்டார்கள் என்பதால் டயகமவில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான புள்ளக்காம்பராவில்தான் ஒத்திகை. தொட்டில் சேலைகளை மேலே தூக்கி முடிந்துவிட்டு, அதற்குக் கீழே நின்று வாசிப்போம். வெள்ளிக்கிழமை கோயில் திருவிழாவில் எங்கள் கச்சேரி. ஒரு பாட்டுக்கு, ஒரே ஒரு பாட்டுக்கு, முன்னால் நின்று வாசிக்கும் லீட் கிட்டார் எனக்கு என்று அண்ணன் ஒத்துக்கொண்டிருந்தார். அதுவும், காலால் மிதித்துக் கிட்டாருக்குக் கரகரப்பு ஏற்றும் என் ஓவர்டிரைவ் பெடலின் சத்தத்தை இன்றைக்குள் சரி செய்தால். இல்லாவிட்டால் வழக்கம்போல அவருடைய தம்பி திலக்ஷன் வாசிப்பான், நான் பின்னால் நின்று கோர்ட்ஸ் பிடிப்பேன்.

கிட்டார் ஒலியைப் பெருக்கும் எங்கள் ஆம்ப் கிளீன் சத்தம் தருவது. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சத்தம் உடையாது. கரகரப்பு வேண்டுமென்றால் பெடல்தான் தரவேண்டும். ஆனால் ஒரு காலத்தில், மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரில் கிட்டார் மங்கிக் கேட்கிறது என்று அண்ணன் கீச்சொலியைக் கூட்டும் ட்ரெபிள் திருகியை முழுக்கத் திருகி, யாரும் தொடாமலிருக்கக் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டார். குழாய் ஸ்பீக்கர் போய் பெட்டி ஸ்பீக்கர் வந்து ஆறு வருடமாகிறது. டேப் மட்டும் அப்படியே இருந்தது. அந்த ட்ரெபிளில் எந்தப் பெடலை மிதித்தாலும் காது கிழியும்.

"டிகிரியில ஆம்ப் ரிப்பேரும் சொல்லித் தர்றாங்களா?" என்றான் திலக்ஷன்.

"இல்ல, புள்ளிவிவரவியல்தான் சொல்லித் தந்தாங்க. காது ஏற்கனவே எங்கிட்ட இருந்திச்சு."

நிஷாந்தி குச்சியைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"தங்கச்சி, ஒன் பெடல் பொட்டிக்குள்ள வண்டு கத்துது. ஆம்ப்ப ஏன் குத்தம் சொல்ற?" என்றார் அண்ணன்.

"வண்டு ஆம்ப்புலதாங்க இருக்கு. நல்லா இல்லன்னா நானே திருப்பி ஒட்டித் தர்றேன்."

அவர் ஆம்ப்பின் முன்னாலிருந்து விலகி வழிவிட்டார். "ஒரே ஒரு தடவ."

உரித்தேன். பிசின் விரலில் ஒட்டியது. ட்ரெபிளைப் பாதிக்குக் கொண்டுவந்தேன், அடிக்குரலான பேஸைக் கொஞ்சம் குறைத்தேன். பிறகு பெடல். என் பிழையும் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். கோபக்காரி எவளும் கரகரப்பைக் கூட்டும் டிரைவை முழுக்கத்தான் திருகுவாள். ஒரு மாதமாக நானும் அதைத்தான் செய்தேன். தனியாக வாசிக்கும்போது பயங்கரமாக இருக்கும், டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் எங்கே போனதென்றே தெரியாது. இப்போது டிரைவைக் கால்வாசிக்குக் குறைத்து, சத்த அளவான லெவலைக் கூட்டினேன்.

"போடு நிஷாந்தி."

மெதுவாகத் தட்டினால் கம்பி தெளிவாகப் பேசியது. அழுத்தி அடித்தால் மட்டும் ஓரம் கரகரத்தது. கங்காணி ஏசும்போது எங்கம்மா பதில் சொல்வாள், அந்தக் குரல்தான். கத்தமாட்டாள். ஆனால் கொழுந்து பறிக்க மலையில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கும். டிரம்ஸுக்கு நடுவில் ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் நின்றது. பாட்டு முடிந்தும் எனக்கு நிறுத்த மனம் வரவில்லை, இன்னொரு சுற்று வாசித்தேன். யாரும் தடுக்கவுமில்லை.

அண்ணன் முகமெல்லாம் சிரிப்பு. "இதுதான் சத்தம். இத்தன வருசமா இது எங்கதான் இருந்திச்சு?" பிறகு, பிளேன்டீக் கோப்பையைக் கை மாற்றச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாக, "தங்கச்சி, பெடல திலக்ஷன்கிட்ட குடு. வெள்ளிக்கிழம அவன் வாசிக்கட்டும்" என்றார்.

"சரி பண்ணினா லீட் எனக்குன்னு சொன்னீங்க."

"சொன்னேன்தான். நீ லீட் வாசிச்சா கோர்ட்ஸ யாரு புடிக்கிறது? கண்டுபிடிச்சது நீதான்னு மேடையில சொல்லிடுறேனே." நிஜமாகவே மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார்.

திலக்ஷன் கையை நீட்டினான்.

கோபம் வந்தது. வழக்கமாக வருகிற அளவுக்கு வரவில்லை. இரண்டாவது சுற்று வாசிக்கும்போதே எனக்கு ஒன்று புரிந்திருந்தது: இந்தச் சத்தத்துக்கு இந்த ஆம்ப் தேவையில்லை. கிளீனாகக் கேட்கிற எந்த ஆம்ப்பிலும் இதை எடுத்துவிடுவேன். தலவாக்கலையில் பெண்கள் மட்டும் வாசிக்கும் குழு ஒன்று கிட்டாருக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது; என்னையும் கேட்டிருந்தார்கள், நிஷாந்திக்கு மட்டும்தான் அது தெரியும். அவர்களுக்கு என்ன பதில் சொல்வதென்று அப்போதே முடிவாகிவிட்டது.

கேபிளைக் கழற்றிச் சுருட்டினேன். பெடலைப் பைக்குள் வைத்தேன்.

"என்னா தங்கச்சி, எங்க போற?"

"ட்ரெபிள பாதியிலயே வைங்க அண்ணே. கூட்டிடாதீங்க."

"வெள்ளிக்கிழம?"

"திலக்ஷன் நல்லா வாசிப்பாருங்க."

"இருடி, நம்பர் வாங்கிக்கிறேன்" என்று நிஷாந்தி டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து எழுந்தாள். அவளிடம் என் நம்பர் ஏற்கனவே இருக்கிறது. தலவாக்கலைக் குழுவின் நம்பரைத்தான் கேட்கிறாள் என்று விளங்கியது. இரவு அனுப்புகிறேன் என்று சைகை காட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தலவாக்கலை பஸ் நிற்கும் பக்கமாக இறங்கினேன்.