முப்பத்தேழாம் மேசையில் லண்ட்குவிஸ்ட் குடும்பம்

ஃபோர்ட் லாடர்டேலில் உல்லாசக் கப்பல் ஏறுகிறவர்கள் ஆறு மாதம் முன்பே ஒரு படிவம் நிரப்பியிருப்பார்கள். சாப்பாட்டு மேசை எப்படி வேண்டும் என்ற கேள்விக்கு, 'எட்டுப் பேர் மேசை, புது நண்பர்களைச் சந்திக்க ஆசை' என்று முக்கால்வாசிப் பேர் எழுதியிருப்பார்கள். ஏறிய அன்று மதியம் இரண்டு மணிக்கு அதே முக்கால்வாசிப் பேர் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் வரிசையில் நின்று, ஜன்னலோரமாக இரண்டு பேர் மட்டும் உட்காரும் மேசை கேட்பார்கள். புது நண்பர்களை அதற்குள் மின்தூக்கியில் பார்த்திருப்பார்கள்.

அந்த வரிசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள் மரிவிக் தலிசாய். பிலிப்பைன்ஸில் இலோய்லோக்காரி. ஒன்பது வருஷம் தட்டு தூக்கியவளை மூன்று மாதம் முன்பு கூடத் தலைவரின் உதவியாளராகத் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். இரண்டு பந்திக்கும் யார் எந்த மேசை என்று அட்டவணை போடுவது அவள் பொறுப்பு. இந்த ஏழு நாள் பயணம் முடியும்போது கூடத் தலைவர் துல்லியோ பெனின்காசா கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் மறுபடி தட்டு.

துல்லியோவுக்கு ஒரே அளவுகோல்தான். காலி நாற்காலி இருக்கக் கூடாது. மேசை பிடிக்காமல் அறைக்குச் சாப்பாடு வரவழைக்கும் பயணி, அவரைப் பொறுத்தவரை, அவருடைய அம்மாவையே திட்டியவருக்குச் சமம்.

மரிவிக் தன் நோட்டில் விதிகள் எழுதி வைத்திருந்தாள். டாக்டரை வயதானவர்களோடு போடாதே, பாவம், அவரால் சாப்பிட முடியாது. பேரன் படம் காட்டுகிறவர்களை ஒரே மேசையில் போடு, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒரே குடும்பப் பெயரும் ஒரே ஊரும் என்றால் தனித்தனியாகப் பதிவு செய்த சொந்தக்காரர்கள். கேட்காமலே சேர்த்துப் போடு, கட்டிப்பிடித்து நன்றி சொல்வார்கள். எட்டு முறை சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்பதாவது முறை டொரீன் லண்ட்குவிஸ்ட் வந்தார். துலூத் நகரம், முதல் பந்தி, தனி ஆள்.

"என்னம்மா, என் சீட்டுல முப்பத்தேழுன்னு போட்டிருக்கு. அதே நம்பர் கேரி கையிலயும் இருக்கு. லிஃப்ட்ல பார்த்தேன்."

"ஆமா மேடம். ஒரே ஊரு, ஒரே பேரு. சொந்தக்காரங்கன்னு சேர்த்துப் போட்டேன்."

"சொந்தம்தான். இருபத்தாறு வருஷம் புருஷன். அப்புறம் வக்கீல் வெச்சுப் பிரிச்சோம்."

"பேரு மட்டும் அப்படியே..."

"பேரை நான் திருப்பிக் குடுக்கல. அவனுக்குத் துணி துவைச்சதுக்கு அதுதான் மிச்சம்."

மரிவிக்கின் காது சூடானது. விதியில் தப்பா, தன்னிடம் தப்பா என்று அவளுக்குப் புரியவில்லை.

வீடு, கார், நாய் எல்லாவற்றையும் நீதிமன்றம் பிரித்துக் கொடுத்திருந்தது. இந்தக் கப்பலில் இருவர் பேரிலும் சேர்ந்திருந்த, அடிக்கடி வருகிறவர்களுக்கான கட்டணச் சலுகையை மட்டும் எந்த நீதிபதியாலும் பிரிக்க முடியவில்லை. அதனால் ஒவ்வொரு பிப்ரவரியும் இருவரும் இதே கப்பலில் வந்தார்கள். கேரி முதல் பந்தி, டொரீன் இரண்டாம் பந்தி. நான்கு வருஷம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை. இந்த வருஷம் டொரீனின் வயிற்று டாக்டர், ஏழு மணிக்கு மேல் சாப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

இதற்குள் கேரியும் வந்து சேர்ந்தார். பின்னால் அவருடைய புது மனைவி டாமி, இரண்டு பேருடைய தொப்பிகளையும் பிடித்துக்கொண்டு.

"நான் நகர மாட்டேன்மா," என்றார் கேரி. "ஜன்னல் மேசை இப்பதான் முதல் தடவையா கிடைச்சிருக்கு. அவளை மாத்து."

"ஜன்னல் கேட்டவளே நான்தான்," என்றார் டொரீன். "நீதான் வேண்டாம்னே. காத்து வரும், சளி பிடிக்கும்னே."

"கப்பல் ஜன்னலைத் திறக்க முடியாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியாது. பதினோரு பயணம் தெரியாது."

வரிசையில் பின்னால் நின்றவர், "அவசரமில்ல, நிதானமாப் பேசுங்க," என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

முதல் பந்தியில் மிச்சம் இருந்தது ஒரே இடம். எண்பத்தெட்டாம் மேசை, சமையலறைக் கதவை ஒட்டி, நியூவார்க்கிலிருந்து வந்த ஓய்வுபெற்ற நர்ஸுகள் ஏழு பேருக்கு நடுவே. டொரீன் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேரி, "நான் என்ன சமையல்காரனா?" என்றார்.

முப்பத்தேழில் மற்ற மூன்று பேரையாவது இந்தச் சண்டையிலிருந்து காப்பாற்றி இரண்டாம் பந்திக்கு நகர்த்தலாம் என்று மரிவிக் அவர்களைத் தேடிப் போனாள். ஜார்ஜியாவிலிருந்து வந்த அபர்நாத்தி தம்பதி நடந்ததைக் கேட்டதும் உட்கார்ந்திருந்த மேல்தளத்து நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள். "எங்களுக்கு ஒண்ணும் சிரமமில்லம்மா," என்றாள் மனைவி, கண் மின்ன. முப்பத்தோராவது பயணத்தில் இருந்த பிக்கெட், "மேடைல போடுற நாடகத்தை விட்டாலும் விடுவேன், இதை விட மாட்டேன்," என்றார்.

துல்லியோ கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு மணிக்குக் கதவு திறக்கும். முப்பத்தேழுல ஒருத்தர் ரூமுக்குச் சாப்பாடு கேட்டாலும் நீதான் தூக்கிட்டுப் போகணும். அதுவே உனக்கு நிரந்தர வேலை."

ஐந்தரைக்கு டாமி தனியாக வந்தாள். தொப்பிகள் இல்லை.

"அந்தக் கதவு பக்கத்து இடம் இன்னும் இருக்கா?"

"இருக்கு மேடம். ஆனா சத்தமா இருக்கும். தட்டு விழும், கத்துவாங்க."

"பரவால்ல. சூப் வந்தா கேரி அவரு அப்பா கதையைச் சொல்வாரு. ரெண்டு வருஷமா நானே கேட்கிறேன். அந்தம்மாவுக்கு இருபத்தாறு வருஷப் பழக்கம் இருக்கு."

"சார்கிட்ட என்ன சொல்றது?"

"எனக்கு ஜன்னல் பார்த்தா தலை சுத்தும்னு சொல்லுங்க. நம்பிடுவாரு. என்னைப் பத்தி எது சொன்னாலும் நம்பிடுவாரு, அவருக்கு விசாரிக்கப் பொறுமை கிடையாது."

மரிவிக் அட்டவணையை மாற்றினாள். முப்பத்தேழில் ஒரு நாற்காலி காலியானது. அதைத் தூக்கிப் போய்க் கிடங்கில் வைக்கும்படி பரிமாறுகிறவர்களிடம் சொன்னாள். நாற்காலியே இல்லாத இடத்தில் காலி நாற்காலி எப்படி இருக்கும்?

ஏழு மாலைகளும் முப்பத்தேழாம் மேசைக்கு யாரும் தாமதமாக வரவில்லை. கேரி அப்பாவின் கதையைத் தொடங்கினால் டொரீன் முடித்து வைத்தார், சரியான முடிவோடு. கேரி கறியைத் திருப்பி அனுப்பினால், "இன்னும் கொஞ்சம் கருக்கிக் கொண்டு வாங்க, அவனுக்கு அதுதான் ருசி," என்று சொல்லி அனுப்பினார். பிக்கெட் ஒரு நாள் தீவைச் சுற்றிப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டு மாலைக்காக ஓய்வெடுத்தார். எண்பத்தெட்டில் நர்ஸுகள் டாமிக்குச் சீட்டாட்டத்தில் ஏமாற்றக் கற்றுக் கொடுத்தார்கள். அவள் சிரிப்பு சமையலறைச் சத்தத்தையும் தாண்டி ஜன்னல் வரை கேட்டது.

கடைசி நாள் காலை துல்லியோ கருத்துச் சீட்டுகளை விரித்தார். பிக்கெட் முழு மதிப்பெண் கொடுத்து, கீழே அடிக்கோடு வேறு போட்டிருந்தார். அபர்நாத்திகள் அடுத்த வருஷமும் இதே மேசை, இதே ஆட்கள் என்று கேட்டிருந்தார்கள். டொரீன், 'கடல் நன்றாகத் தெரிந்தது' என்று மட்டும் எழுதியிருந்தார். கேரியின் சீட்டை துல்லியோ இரண்டு முறை படித்தார்.

"பொண்டாட்டியை வேற மேசைல போட்டுட்டாங்கன்னு எழுதியிருக்கான். புகாரா இது?"

"ஆமா சார்," என்றாள் மரிவிக்.

"சாப்பாட்டைப் பத்தியா?"

"இல்ல சார்."

"மேசையைப் பத்தியா?"

"மேசை பிரமாதம்னு எழுதியிருக்காரு."

"அப்ப இது கல்யாணத்தைப் பத்தின புகார். அது நம்ம கூடத்துல வராது." பேனாவை எடுத்தார். "லண்ட்குவிஸ்டுகளைச் சேர்த்துப் போட்டது நீயா, கம்ப்யூட்டரா?"

தப்பாகப் போட்டேன் சார் என்று சொல்ல அவள் வாய் திறந்தாள். அவர் கை அதற்குள் படிவத்தில் எழுதிக்கொண்டிருந்தது: குடும்பங்களைப் புரிந்து உட்கார வைப்பதில் அபாரத் திறமை.

"நான்தான் சார்," என்றாள் மரிவிக். அவர் கையெழுத்துப் போட்டார்.