கறுப்புக் கண்ணாடி மச்சான்

வாலில்லாக் குரங்குகளை வைத்து ஆராய்ச்சி செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. அதனால் குடும்பத்தில் 'குரங்கு டாக்டர்' என்று பெயர். வைத்தவன் அவள் அண்ணன். ஊருக்கெல்லாம் பட்டப்பெயர் வைப்பான், தன்னை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் மட்டும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வான்.

அப்படித் தூக்கிய மூஞ்சியை ஒரு வருடமாக அவன் இறக்கவில்லை. காரணம் ஒரு சதுரங்க ஆட்டம். அவள் கணவன் ராணியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தான். தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்றான் அண்ணன். தொடவே இல்லை என்று சாதித்தான் கணவன். அன்றோடு பேச்சு நின்றது. அதற்கப்புறம் அவள் கணவனைக் கண்டாலே அண்ணன் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்வான், வீட்டுக்குள் இருந்தாலும் சரி. "உன் புருஷன் மூஞ்சியில முழிக்கப் பிடிக்கலை" என்று விளக்கம் வேறு.

இப்போது அண்ணன் வீட்டு மாடி காலி. அவள் வேலை செய்யும் ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கூப்பிடு தூரம். அவளுக்கு அந்த மாடி மேல் கொள்ளை ஆசை. ஆனால் கீழே ஒருவன், மேலே ஒருவன், நடுவில் தான் என்று காலம் தள்ள முடியுமா? துணிந்து குடிவர முடிவுசெய்து, சாமான் வந்து இறங்கிய பிறகும் அவளுக்குப் பயம் விடவில்லை. ஊரின் மறுகோடியில் இன்னொரு வீட்டுக்காரரிடம், சாயங்காலத்துக்குள் முடிவு சொல்வதாகச் சொல்லிவைத்திருந்தாள்.

சாமான் இறக்கியவர்கள், "பீரோ இந்தப் படியில ஏறாதும்மா" என்று கைவிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவள் கையிலோ கட்டு. ஒரு குட்டிக் குரங்கு விளையாட்டாகத் திருகியது. மிச்சம் இருந்தது அந்த இரண்டு பேர்தான். பீரோவைப் படுக்கவைத்து அண்ணன் மேல்பக்கம் பிடித்தான், கணவன் கீழ்ப்பக்கம். அவள் பின்னால் ஏறினாள்.

"உன் புருஷனை இடது பக்கம் சாய்க்கச் சொல்லு."

"யாரோட இடதுன்னு உன் அண்ணனைக் கேளு."

இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்டது. இருந்தும் ஒவ்வொன்றையும் அவள் திருப்பிச் சொன்னாள். கூடத்தில் இப்படித்தான், பழம் வைத்த பலகையை ஒரு குரங்கு தூக்கும், மற்றது அதன் மேல் ஏறி உட்கார்ந்து பழத்தைத் தின்னும். சேர்ந்து தூக்கத் தெரிந்ததால்தான் மனுஷ ஜாதி பிழைத்தது என்று மேடையேறிப் பேசியவள் அவள். கேட்டவர்கள் இந்தப் படிக்கட்டைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

படி திரும்பும் இடத்தில் பீரோ சிக்கியது. "தூக்கச் சொல்லு" என்று மேலிருந்தும், "இறக்கச் சொல்லு" என்று கீழிருந்தும் ஒன்றாக வந்தது.

"நான் என்ன தபால்காரியா? இனிமே ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்" என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். கூடத்தில் சோதனை நடக்கும்போது ஜாடைகூடக் காட்டாமல் நின்று பழகியது கைகொடுத்தது.

அவர்களும் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு வீம்பு. கணவன் நிமிர்ந்து பார்த்தான். எதிரே இரண்டு கறுப்பு வட்டங்கள். அதிலிருந்து என்ன தெரியும்? பீரோ லேசாக வழுக்கியது. வியர்வையில் அண்ணனின் கண்ணாடியும் வழுக்கி, மூக்கு நுனியில் தொங்கி, படிப்படியாக உருண்டு அவள் காலடியில் வந்து விழுந்தது.

குரங்கின் கண்ணில் வெள்ளை பெரும்பாலும் தெரியாது, எங்கே பார்க்கிறது என்று சட்டென்று பிடிபடாது. மனுஷக் கண் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். கூட வேலை செய்கிறவனுக்குப் புரியட்டும் என்றுதான் அப்படி அமைந்தது என்பது அவள் துறையில் சிலருடைய ஊகம். அண்ணனின் கண் படிக்கட்டின் கைப்பிடி மூலைக்குப் போனது. கணவன் அந்தப் பக்கம் ஒதுங்கினான். கணவனின் கண் சுவருக்குப் போனது. அண்ணன் முழங்கையை மடக்கினான். பீரோ சமர்த்தாகத் திரும்பி மேலே போய்ச் சேர்ந்தது.

இரண்டு பேரும் அதிலேயே சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்கள்.

"கால் நசுங்கலையே, மாப்பிள்ளை?"

"இல்ல மச்சான்."

"அன்னைக்கு ராணியைத் தொட்டீங்களா இல்லையா?"

கண்ணாடியோடு மேலே வந்த அவள் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

"தொட்டேன்" என்றான் கணவன். "தொட்டதும் உங்க கண்ணு நேரா குதிரை மேல போச்சு. நகர்த்தினா குதிரை வெட்டிடும்னு அதைப் பாத்துதான் புரிஞ்சுது, கையை எடுத்துட்டேன்."

அண்ணன் தரையைப் பார்த்தான். "தெரியும். அதனாலதான் கண்ணாடி வாங்கினேன். நீங்க மறுபடி ஆடக் கூப்பிட்டா தயாரா இருக்கணும்ல."

"ஒரு வருஷமாவா?"

"நீங்க கூப்பிடவே இல்லையே."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கீறல் விழுந்த கண்ணாடியை அண்ணனிடம் கொடுத்தாள். சதுரங்கப் பலகை பீரோவுக்குள்தான் இருந்தது. அவர்கள் காய்களை அடுக்கும்போது அவள் வெளியே போய், மறுகோடி வீடு வேண்டாம் என்று போனில் சொன்னாள்.

"தொட்டாச்சு, தொட்டாச்சு" என்று உள்ளே அண்ணனின் குரல் கேட்டது. அவள் எட்டிப் பார்த்தாள்.

"சரி, நகர்த்துறேன்" என்றான் கணவன். "முதல்ல அந்தக் கண்ணாடியைக் கழட்டுங்க, மச்சான்."