கிழக்கே ஒரே மூட்டம்

கேரளத்துக் கரமனை அக்ரஹாரத்தில் தூண்டில் போடத் தெரிந்த ஒரே மனிதர் ராமசுப்ரமணியன். இந்தப் பெருமை அக்ரஹாரத்துக்குத் தெரியாது. தெரிந்தால் பெருமையாக இருக்காது. காலையில் சந்தியாவந்தனம், பிறகு அரசாங்க ஆபீஸில் சூப்பிரண்டு நாற்காலி, சாயங்காலம் கோயில் என்று வாரம் முழுக்க ஒழுங்காக இருக்கிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகக் கிளம்பிவிடுவார். மனைவி ஜெயலக்ஷ்மியிடம் சொல்லியிருந்தது மலையேற்றப் பயிற்சி என்று. அது பொய்யும் இல்லை. அகஸ்தியர் மலைக்குப் போவதற்காக நிஜமாகவே நடந்து பழகிக்கொண்டிருந்தார். நடக்கிற வழியில் ஆறு இருந்தது, ஆற்றில் மீன் இருந்தது. அதற்கு அவர் என்ன செய்வார்?

அவரைக் கெடுத்தவன் செல்வகணேஷ். சாலைக் கம்போளக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையில் மேனேஜர். மலைக்குக் கிழக்கே அம்பாசமுத்திரம் பக்கத்து ஆள். பிழைக்க வந்து, கரமனை ஆற்றை ஒட்டி வாடகை வீடு பிடித்து, மனைவி கௌசல்யாவோடு குடியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நீளமான துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தவனிடம் ராமசுப்ரமணியன்தான் வாயைக் கொடுத்தார்.

"அதெந்தா ஓய் பையிலே? கொடிக்கம்பா?"

"தூண்டில் சாமி. அருவிக்கரைக்கு மேல போறேன். வாரீங்களா?"

பேச்சுக்குக் கேட்டதுதான். ஆனால் சாமி பஸ் ஏறிவிட்டார். அன்றைக்குத் தக்கை முங்கினபோது அவருடைய நெஞ்சும் கூடவே முங்கி எழுந்தது. ஐம்பது வயதை எட்டிப்பிடிக்கிற நேரத்தில் இப்படி ஒரு சந்தோஷம் மிச்சமிருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மண்புழுவை அவர் பார்க்கவே மாட்டார். மைதா மாவில் ஒரு சிட்டிகைப் பெருங்காயம் சேர்த்துப் பிசைந்து, வீட்டிலிருந்து வாழையிலையில் மடித்துக் கொண்டுபோவார். செல்வகணேஷ் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு கெண்டைகள் தன் புழுவை விட்டுவிட்டுச் சாமியின் பெருங்காய உருண்டைக்கு வரிசையில் வருவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். "உங்க ஆளுங்க கைமணம் மீனு வரைக்கும் தெரிஞ்சிருக்கு சாமி" என்றான்.

ஆனால் ராமசுப்ரமணியனுக்கு ஒரு விரதம் இருந்தது. மீனைப் பிடிப்பார், தொடமாட்டார். பிடித்ததை ஆற்றிலேயே திரும்ப விட்டுவிட வேண்டும். அதையும் செல்வகணேஷ்தான் செய்ய வேண்டும். முள்ளிலிருந்து கழற்றுவது, தண்ணீரில் விடுவது எல்லாம் அவன் பொறுப்பு. "விளையாட்டுக்குப் பிடிக்கறதுலே தோஷமில்லே. தொட்டாத்தான் தீட்டு, கேட்டியா" என்று சாஸ்திரம் வேறு சொல்வார். எந்தப் புத்தகத்தில் அப்படி இருக்கிறது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஒவ்வொரு தடவையும் கம்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "வாரும் ஓய், வாரும், செத்துடப் போறது" என்று பறப்பார். செல்வகணேஷ் தன் தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடி வருவான். அவனுக்கு அது ஒரு வேடிக்கை.

மலை ஆசை செல்வகணேஷுடையது. சும்மா ஆசை இல்லை, உயிர். "சின்னதுல இருந்து அந்த மலையோட மூஞ்சியைப் பாத்து வளந்தேன் சாமி. இப்ப அதோட முதுகைப் பாத்துப் பொழைக்கேன். ஒரு தடவை உச்சியில ஏறி நின்னு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேத்துப் பாத்துப்புட்டா போதும்" என்பான். கேரளப் பக்கத்திலிருந்து மலைக்குப் போக வருஷத்தில் கொஞ்ச நாள்தான் வனத்துறை அனுமதி கொடுக்கும். அதற்காக இரண்டு பேரும் ஒரு வருஷம் முழுக்க உடம்பைத் தயார் செய்தார்கள். விதுரையிலிருந்து பொன்முடி வரைக்கும் வளைந்து வளைந்து ஏறும் ரோட்டில் முதுகில் சுமையோடு நடந்தார்கள். செல்வகணேஷ் கடையிலிருந்து எடைக்கற்களைப் பையில் போட்டுக் கொண்டுவருவான். ராமசுப்ரமணியன் அம்மிக்குழவியைத் துண்டில் சுற்றி வைத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை தோறும் துவையல் அரைக்கக் குழவி இல்லாமல் ஜெயலக்ஷ்மி வீடு முழுக்கத் தேடுவாள். திங்கட்கிழமை அது அம்மியின் மேலேயே சமர்த்தாக இருக்கும். தனக்கு மறதி வந்துவிட்டதாக அந்த அம்மாள் பயந்துபோனாள்.

நடந்து முடித்தால் ஆறு. ஷூவைக் கழற்றி, கொப்பளித்த காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு, பாறையில் உட்கார்ந்து தூண்டில் போடுவார்கள். பேச்சு கொஞ்சம்தான். அந்த ஒரு வருஷம் போல ராமசுப்ரமணியன் வாழ்க்கையில் வேறு வருஷம் கிடையாது. இன்றைக்கும் அவர் அதைத்தான் நினைத்துக்கொள்கிறார், நினைத்துக்கொண்டு வதைபடுகிறார்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் தை மாதம் இரண்டு பேருக்கும் அனுமதி வந்தது. அடுத்த வாரம் மலை. கடைசிப் பயிற்சி என்று அந்த ஞாயிற்றுக்கிழமையும் நடந்தார்கள். ஆற்றங்கரையில் பொழுது போனதே தெரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று செல்வகணேஷ் தூண்டிலைச் சுருட்டி, ஷூவை மாட்டி, எடைக்கற்கள் இருந்த பையை முதுகில் ஏற்றிக் கரையேறிவிட்டான். ராமசுப்ரமணியன் மட்டும், "இரும் ஓய், ஒரே ஒரு உருண்டை பாக்கி இருக்கு" என்று பாறையிலேயே இருந்தார்.

அப்போதுதான் தக்கை ஒரேயடியாகக் காணாமல் போனது. கம்பு வில்லாக வளைந்தது. இத்தனை பெரிய கெண்டையை அவர் கண்டதே இல்லை. மூச்சு வாங்க இழுத்துப் பாறைமேல் போட்டார். அது துள்ளித் துள்ளி விழுந்தது. முள் தொண்டைக்குள் போயிருந்தது. கை எட்டும் தூரம்தான். குனிந்து ஒரு பிடி பிடித்துக் கழற்றியிருக்கலாம். அவர் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டு கத்தினார்.

"வாரும் ஓய்! சீக்கிரம்! ரத்தம் வரது, செத்துடும்!"

"நீங்களே கழத்துங்க சாமி, நான் சுமையோட நிக்கேன்!"

"எனக்கு மேலாது ஓய், தொட முடியாது, வாருமே!"

செல்வகணேஷ் பையை இறக்கி வைக்கக்கூட நிற்கவில்லை. சாமி அவ்வளவு பதறினார். முதுகில் சுமையோடு ஓடி வந்தவன், பாசி படிந்த பாறையில் கால் வைத்தான். கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாகப் போய் விழுந்தான். எடைக்கற்களின் பாரம் முழுக்க ஒரு முட்டியில் இறங்கியது. அந்தச் சத்தத்தை ராமசுப்ரமணியன் கேட்டார்.

ரப்பர் தோட்டத்து ஆட்கள் வந்து ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கெண்டை பாறையிலேயே செத்துக் கிடந்தது.

கௌசல்யா ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து, "எப்படி சாமி விழுந்தாக?" என்று கேட்டாள். அவளோடு அக்ரஹாரத்தில் பழக்கமுள்ள ஒருத்தரும் நின்றுகொண்டிருந்தார். "நடந்துண்டு இருந்தோம். பாறை வழுக்கிடுத்து" என்றார் ராமசுப்ரமணியன். மீனைப் பற்றி மூச்சு விடவில்லை. கட்டிலில் கிடந்த செல்வகணேஷ் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

"இந்த வயசுல மலையேறலேன்னு யாரு அழுதா? மலையாம் மலை!" என்று கௌசல்யா அன்றைக்கும் மறுநாளும் அதற்கு மறுநாளும் புருஷனைத் திட்டித் தீர்த்தாள். அவன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். சாமி மீன் பிடிப்பார் என்று அவன் வாயிலிருந்து கடைசி வரை வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

முட்டிக்குள் தகடு வைத்தார்கள். நடக்கலாம், கடையில் நிற்கலாம், மலையை மட்டும் இனிமேல் நினைக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நானும் போகலே ஓய்" என்றார் ராமசுப்ரமணியன்.

செல்வகணேஷ் படுத்தபடியே கோபப்பட்டான். "என்ன பேச்சு சாமி இது? ஒரு வருசம் நடந்தது எதுக்கு? ரெண்டு பேரும் உக்காந்து அழுகதுக்கா? நீங்க போறீங்க. மேல போயி கிழக்க திரும்பி நில்லுங்க. காரையாறு அணை தெரியும்பாங்க. அதைத் தாண்டி எங்க பக்கத்துக் குளமெல்லாம் தெரியுமாம். நான் பாக்க வேண்டியதை நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க. ஒண்ணு விடாமச் சொல்லணும், ஆமா."

போனார். போணக்காடு எஸ்டேட்டிலிருந்து காட்டு வழியாக நடந்து, ராத்தங்கலுக்குப் பிறகு மறுநாள் காலையில் வழுக்குப் பாறையில் கயிற்றைப் பிடித்து ஏறினார். ஒரு வருஷத்து நடை காலில் இருந்தது. அவரை விடச் சின்னவர்கள் உட்கார்ந்துவிட்ட இடத்தில்கூட அவர் நிற்கவில்லை. உச்சியில் அகஸ்தியரைக் கும்பிட்டார். பிறகு கிழக்கே திரும்பினார்.

ஒரு துளி மேகம் கிடையாது. கீழே காரையாறு அணை, காடுகளுக்கு நடுவே நீலமாக வளைந்து கிடந்தது. அதற்கப்பால் மலை முடிந்து, தட்டையாகத் தரை தொடங்கி, பச்சையும் காவியுமாகக் கண்ணுக்கு எட்டும் வரைக்கும் போயிற்று. அந்தத் தரையெல்லாம் குளங்கள். வெயில் பட்டு ஒவ்வொன்றும் கண்ணைப் பறித்தது. ஆற்றின் கோடுகூடத் தெரிந்தது. மேற்கே திரும்பினால் காட்டுக்கு அப்பால், வெகு தூரத்தில், கடல் போல் ஒரு வெளுப்பு. செல்வகணேஷ் கேட்டது அத்தனையும் அங்கே இருந்தது, அவன் கேட்கத் தெரியாததும் இருந்தது. ராமசுப்ரமணியன் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

"எந்தாணு சாரே, வய்யே?" என்று, உடம்புக்கு முடியவில்லையோ எனப் பயந்து, வழிகாட்டி கேட்டான்.

"ஒன்னுமில்லா" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இறங்குகிற வழியெல்லாம் ஒரே யோசனை. இதை எப்படி அவனிடம் சொல்வது? உன் முட்டியை உடைத்தது நான், உன் மலையைப் பார்த்தது நான், அது எத்தனை அழகு தெரியுமா என்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வர்ணிப்பதா? அதைவிடக் கொடுமை உண்டா? பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை என்று தெரிந்தால், போகாததில் பெரிய நஷ்டமில்லை என்று அவன் மனசு ஆறும். அடிவாரம் வருவதற்குள் முடிவு செய்துவிட்டார். கருணையாக ஒரு காரியம் செய்யப்போகிறோம் என்று அவருக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. மீனைத் தொடமாட்டேன் என்றிருந்தபோதும் அவருக்கு இதே திருப்திதான்.

மறுநாள் காலையில் செல்வகணேஷ் வீட்டுக்குப் போனபோது வாசல் பெருக்கிக் கோலம் போட்டிருந்தது. செல்வகணேஷ் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் நீட்டிக் காத்திருந்தான்.

"கௌசல்யா! அடுப்பை அணைச்சுட்டு வா. சாமி வந்தாச்சு!"

மலையைச் சபித்துக்கொண்டிருந்த கௌசல்யா முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து தரையில் உட்கார்ந்தாள். "நாலு நாளா இதே பேச்சுத்தான் சாமி. தூக்கத்துலயும் குளம் குளம்னு ஒளறுதாக. சொல்லுங்க, நானும் கேக்கேன்" என்றாள். ஊரை விட்டு வந்தவள்தானே அவளும்.

செல்வகணேஷ் கண்ணை மூடிக்கொண்டான். சின்னப்பிள்ளை கதை கேட்கிற மாதிரி முகம். "ம், சொல்லுங்க. உச்சியில நிக்கீங்க. கிழக்க திரும்பிட்டீங்க. அணை தெரிஞ்சுதா?"

அந்த முகத்தைப் பார்த்த உடனேயே ராமசுப்ரமணியனுக்குத் தான் நினைத்ததெல்லாம் தப்பு என்று தெரிந்திருக்க வேண்டும். ஆனால் வழியெல்லாம் உருப்போட்டு வந்த வாக்கியம் வாயின் நுனியில் நின்றது. அது தானாக விழுந்துவிட்டது.

"ஒண்ணும் தெரியலே ஓய். கிழக்கே ஒரே மூட்டம்."

செல்வகணேஷ் கண்ணைத் திறந்தான்.

"கொஞ்சம்கூடவா?"

"கையை நீட்டினா கை தெரியலே. ஒரு மணி நேரம் நின்னு பாத்தேன். பின்னெ எறங்கிட்டேன்."

கௌசல்யா எழுந்திருக்கவும் மறந்து உட்கார்ந்திருந்தாள். ராமசுப்ரமணியன் தரையைப் பார்த்தார். அவன் மனசு ஆறியிருக்குமா என்று பார்க்க மெதுவாக நிமிர்ந்தார்.

செல்வகணேஷ் கண்ணில் தண்ணீர் நின்றது. கையை நீட்டி அவருடைய கையை எட்டிப் பிடித்துக்கொண்டான்.

"எனக்குத்தான் இல்லேன்னா உங்களுக்குமா? ஐயோ சாமி, ஒரு வருசம் அந்தக் குழவியைச் சுமந்தீங்களே. அவ்வளவு தூரம் ஏறிப் போயும் உங்களுக்குக் கொடுத்து வைக்கலியே" என்றான். "மனசை விட்டுறாதீங்க, என்ன?"

அந்தக் கையை உதறவும் முடியாமல், பிடிக்கவும் முடியாமல், ராமசுப்ரமணியன் உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குள் அத்தனை குளமும் பளபளத்துக்கொண்டிருந்தது. இல்லை ஓய், எல்லாம் தெரிந்தது, கேளும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? சொன்னால், ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பான். அதற்கு மீனிலிருந்து தொடங்க வேண்டும். எதிரே கௌசல்யா உட்கார்ந்திருந்தாள்.

"ஆமாம் ஓய்" என்றார். "கொடுத்து வைக்கலே."

கௌசல்யா பெருமூச்சு விட்டு எழுந்து, சாமிக்குக் காப்பி கொண்டுவருவதற்காக அடுப்பைத் திரும்பப் பற்றவைக்கப் போனாள்.