ஏழாவது பெயர்

குளியலறைக்குள் ஏழாவது பெயரோடு அம்ராமுக்கு மறுபடியும் மூச்சு அறுந்தது. அப்புறம் வெறும் இருமல். வெளியே அவர் மனைவி மெசோதா, பூரிம் பண்டிகை வேஷத்துக்காகப் போட்டிருந்த போலீஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கதவோரமே நின்றாள்.

பூரிம் அன்று வாசிக்கும் எஸ்தர் சுருளில், யூதர்களை அழிக்கப் பார்த்த ஆமானின் பத்து மகன்களின் பெயர்களையும் ஒரே மூச்சில் வாசித்தாக வேண்டும். அஷ்தோதின் அந்தச் சின்ன ஜெப ஆலயத்தில் முப்பத்தோரு வருஷமாக அதை வாசிப்பவர் அம்ராம். பாழாய்ப்போன நிமோனியா இந்த மழைக்காலத்தில்தானா வந்து படுக்கையில் தள்ள வேண்டும்!

வெளியே வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இன்னிக்கு நடுவுல நின்னுட்டேன்னா, இனிமே அந்த மேடையில காலே வைக்க மாட்டேன்."

"நாள் பூரா மூச்சு விடாம பேசுற மனுஷனுக்குப் பத்துப் பேரு பெரிய விஷயமா?"

"அது வேற மூச்சுடி."

மெசோதா, ஆமான் பெயர் வரும்போதெல்லாம் அதைச் சத்தத்தில் அமுக்கிவிட ஊதுவதற்கென்று வாங்கிய விசிலை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். அவருக்கு மூச்சு அறும் இடத்தில் ஊதினால், கிழவி இடம் தெரியாமல் ஊதிவிட்டாள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆலயத்தில் காலையிலேயே ஏக ரகளை. மீன்கடை மக்லூஃப் பெண்டாட்டியின் கல்யாண கவுனுக்குள் மீசையோடு பிதுங்கிக்கொண்டு நின்றான், கையில் சட்டிமூடி. ஆமான் பெயர் வரும்போதெல்லாம் கூரை பெயர்ந்து விழுகிற மாதிரி சத்தம்.

பெயர்கள் வந்தன. அம்ராம் மூச்சை இழுத்துக்கொண்டு தொடங்கினார். "பர்சந்தாத்தா, தல்போன், அஸ்பாத்தா..." ஆறாவதில் காது மடல் சிவந்தது. "பர்மஷ்டா..." குரல் இழுத்தது. பெண்கள் உட்காரும் மாடியில் மெசோதா விசிலை உயர்த்தினாள். அது உதட்டைத் தொடுவதற்குள் கீழே 'டமார்' என்று சட்டிமூடி விழுந்தது. அடுத்த நொடி ஆலயம் முழுக்கக் காலால் உதைத்தது, தகரத்தைத் தட்டியது, ஊளையிட்டது. ஆமான் பெயர் வரவே இல்லை! ஒரு ஆள் சிரிக்கவும் இல்லை. அப்போதுதான் மெசோதாவுக்கு உறைத்தது, குளியலறை ஜன்னல் தெருப்பக்கம் அல்லவா திறந்திருக்கிறது! பாவிகளா, ஒரு மாதமாக அவர் ஒத்திகையைத் தெருவே கேட்டிருக்கிறது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அம்ராம் கண்ணாடிக்கு மேலாக எல்லோரையும் முறைத்தார், நெஞ்சு நிறைய மூச்சு வாங்கினார், மிச்சத்தை வாசித்து முடித்தார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரே புலம்பல். "எந்த இடத்துல தட்டணும்னு கூடத் தெரியாத கழுதைங்க! எனக்கு இன்னும் மூச்சு இருந்துச்சு, தெரியுமா?"

"தெரியுமே."

பின்னால் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்த மக்லூஃப், "கை தவறிடுச்சு அண்ணே, மன்னிச்சுக்கங்க" என்றான்.

"வேணும்னா இப்பவே சொல்லிக் காட்டறேன், கேளுங்க!" சாலையைக் கடக்கும்போதே அம்ராம் ஆரம்பித்துவிட்டார். நான்காவது, ஐந்தாவது. ஆறாவதில் காது மடல் சிவந்தது. ஏழாவதில் நடை தளர்ந்தது.

மெசோதா தொப்பியைச் சரிசெய்துகொண்டு விசிலை ஓங்கி ஊதினாள். வந்துகொண்டிருந்த பேருந்து சடக்கென்று நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார், ஒரு போலீஸ்காரி, மீசை வைத்த ஒரு மணப்பெண், நடுச்சாலையில் இடுப்பில் கைவைத்து ஆற அமர மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவர்.

"அரிசாயி" என்று எட்டாவது பெயரைச் சொன்னார் அம்ராம்.