ஜிலேபிக்குப் பக்கத்தில் இருந்த படம்

1

இந்தக் கதை ஒரு குற்றத்திலிருந்து பிறந்தது. குற்றத்தின் நீளம் நான்கு விநாடி. செய்தவன் நான்.

தில்லியை ஒட்டிய ஓர் இந்திச் செய்திச் சேனலில் இருபத்திரண்டு வருடமாக வீடியோ வெட்டி ஒட்டுகிறேன். இந்தக் குளிர்காலத்தில் பஞ்சாப் விவசாயிகள் தில்லி எல்லை நெடுஞ்சாலையில் டிராக்டரோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் நிருபர் நிஷித் அங்கே போய், கொதிக்கும் எண்ணெயில் ஜிலேபி சுற்றும் காட்சியோடு திரும்பினான். அன்று மாலை அது "போராட்டமா, பிக்னிக்கா?" என்ற தலைப்போடு ஓடியது. ஒருமுறை அல்ல, அறுபது முறையாவது இருக்கும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பனிமூட்டத்தில் டிராக்டர்கள் உறங்கிக்கொண்டிருந்தன..."

[அடித்துவிட்டேன். டிராக்டர் எங்காவது உறங்குமா?]

பிறகு இப்படி: "சுர்ஜீத் கௌர் என்ற அந்த விதவை கண்ணீர் மல்க..."

[பொய். அவள் புருஷன் பக்கத்திலேயே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். கண்ணீர் இருந்தால் கதைக்கு நல்லது என்று நானாக ஊற்றியது. தொழில் புத்தி.]

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போராட வந்த சுர்ஜீத்தின் மாமனார் டிராக்டரின் இழுவைப் பெட்டியில் படுத்தபடியே குளிரில் இறந்துபோனார். கொள்ளுப்பேரனைக் கண்ட மனிதர். அப்படி நிறைவாழ்வு வாழ்ந்தவர் போனால், கடைசிப் பிரார்த்தனை அன்று ஜிலேபி பொரித்து, சந்தோஷமாக அனுப்பிவைப்பது அங்கே வழக்கம். ஊருக்குப் போய்ச் செய்யலாம் என்றார்கள் சிலர். ஜெயிக்காமல் திரும்ப மாட்டேன் என்று சொன்னவருக்கு அங்கேயே செய்வதுதான் மரியாதை என்றாள் சுர்ஜீத். எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் செண்டுமல்லி மாலை போட்டு அவர் படத்தை வைத்தார்கள். வந்தவர் யாராக இருந்தாலும் சாப்பிட வேண்டும், விருந்தாளி முதலில். அதனால் முதல் தட்டு எங்கள் ஆட்களுக்குத்தான் கிடைத்தது.

(நிஷித் ஆறு ஜிலேபி தின்றான். மூலப் பதிவில் இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன்.)

3

எங்கள் தலைமைச் செய்தி ஆசிரியர் பட்நாகர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்ன மதராசி, ஜிலேபி தகதகன்னு வந்திருக்கே! நல்லா கிட்டத்துல வை."

"ஓரத்துல ஒரு படம் இருக்கு சார். மாலை போட்டிருக்கு."

"யாரு அது?"

"தெரியல சார்."

"உனக்கே தெரியாத ஆளை ஊருக்கு எதுக்குக் காட்டணும்? வெட்டு."

யாரென்றுதான் எனக்குத் தெரியாது. என்னவென்று தெரியும். கல்யாணச் சாவுக்கு வேட்டு வைத்து, ஆடிக்கொண்டே பாடை தூக்கிப் போகும் ஊரில் பிறந்தவன் நான். மாலையையும் இனிப்பையும் சேர்த்துப் பார்த்தால் அரை விநாடியில் புரிந்துவிடும். புரிந்தது. அந்த நான்கு விநாடிக் காட்சியைக் கொஞ்சம் பெரிதாக்கினேன், படம் ஓரத்தில் நழுவி வெளியே போனது. வெட்கமாக இருந்தது என்று எழுத ஆசைதான். அப்போது பசிதான் இருந்தது.

4

[சுர்ஜீத்தை நம்பலாமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பாதிக்கப்பட்டவர்கள் போனில் இவ்வளவு நிதானமாகப் பேசினால் நம்மைப் போன்றவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.]

சேனலுக்குப் போன் போட்டு, ஆள் மாற்றி ஆள் மாற்றி, கடைசியில் என்னிடம் வந்தாள்.

"தம்பி, நெடுஞ்சாலை ஓரத்துல பிம்லான்னு ஒரு அம்மா. ரெண்டு மாசமா நாங்க நாப்பது பொம்பளைங்களும் அவ வீட்லதான் குளிச்சோம், கக்கூசும் அங்கதான். வென்னீர்கூட வெச்சுக் குடுப்பா. உங்க டிவியைப் பாத்துட்டு இப்ப கேட்டைப் பூட்டிட்டா. விருந்து திங்க வந்தவங்களுக்கு வென்னீரும் வேணுமான்னு கேக்குறா. விடியறதுக்கு முன்னாடி கடுகு வயலுக்கு ஓடுறோம்."

"மாமனார் படத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்களேன்க்கா."

"காட்டாம இருப்பனா? டிவியில இந்தப் படம் இல்லையேங்குறா. அவளுக்கு டிவியில வந்தாத்தான் சத்தியம். வெட்டாதது உங்கிட்ட இருக்காமே. நாட்டுக்கெல்லாம் காட்ட வேணாம், பிம்லா ஒருத்திக்குக் காட்டினாப் போதும்."

"வெளியே குடுத்தா என் வேலை போயிடும்க்கா."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"சரி, என்னதான் பண்ணுவே?"

"உங்களைப் பத்தி ஒரு கதை எழுதுறேன்க்கா."

சிரித்தாள். "உன் கதைக்குக் கதவு இருக்கா தம்பி? உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா?"

5

மூலப் பதிவு எங்கள் கணினியில் முப்பது நாள் இருக்கும். பிறகு தானாக அழிந்துவிடும். முப்பதாவது நாள் இன்றுதான். மாலை ஆறு மணிக்கு.

முடிவு ஒன்று: அனுப்புகிறேன். பிம்லா பார்க்கிறாள், அழுகிறாள், கேட்டைத் திறக்கிறாள். [அழுவாள் என்று எனக்கு யார் சொன்னது? "இந்தப் படத்தை நீங்களே ஒட்டவெச்சிருப்பீங்க" என்றும் சொல்லலாம். நாங்கள் பழக்கிவிட்ட பழக்கம் அது.]

முடிவு இரண்டு: அனுப்பவில்லை. வேலை இருக்கிறது, கதையும் இருக்கிறது.

முதல் முடிவை எழுதினால் என்னை நல்லவன் என்பீர்கள். இரண்டாவதை எழுதினால் உண்மையை ஒளிக்காதவன் என்பீர்கள். எப்படி விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத இடமாகப் பார்த்துத்தான் நிற்கிறேன்.

முடிவு மூன்

6

இடையில் சுர்ஜீத்தின் போன் வந்தது. கதையில் ஏதாவது தப்பு இருக்கிறதா பாருங்கள் என்று அவளுக்கு இதுவரை எழுதியதை இந்தியில் சொல்லிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் சரி தம்பி. நிருபர் பேரு சொன்னே, உன் மேலதிகாரி பேரு சொன்னே, பிம்லா பேருகூட இருக்கு. எங்க மாமனார் பேரு எங்க?"

எழுதியதில் மேலே போய்ப் பார்த்தேன். இல்லை. ஒன்பது நாளாக எழுதுகிறேன், ஜிலேபியை எண்ணியிருக்கிறேன், அவரை மறுபடியும் ஓரத்தில் நழுவவிட்டிருக்கிறேன். இந்த முறை வெட்டு என்று யாரும் சொல்லவில்லை.

நீங்களும் கேட்கவில்லை.

பக்தாவர் சிங். வயது எண்பத்தாறு. படத்தில் அவர் மூக்குக்கண்ணாடியின் ஒரு காம்பு உடைந்து, அந்தப் பக்கம் நூல் கட்டியிருக்கும்.

மணி ஐந்து நாற்பது. முடிவை எழுத உட்கார்ந்தால் ஆறாகிவிடும். நான் எழுந்து மூலப் பதிவு இருக்கும் கணினிக்குப் போகிறேன்.