டெல்பர்ட்டும் மார்லிஸும் இன்னும் வாங்காத டிரக்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. மொன்டானாவில் எங்கள் ஊர் டயர் கடையில் என் கார் நாலு சக்கரமும் கழன்று அந்தரத்தில் நின்றபோது, பக்கத்து டிரக் விற்பனை முற்றத்தில் ஒரு கணவனும் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். குரல் உயராத சண்டை. அந்த வகைதான் ஆபத்தானது என்பதால் கொஞ்சம் நகர்ந்து நின்று கேட்டேன்.

அவர்களுடைய பழைய டிரக் படுத்துவிட்டது. குதிரை டிரெய்லரை இழுக்கப் புதிதாக ஒன்று வேண்டும். அவன் கேட்டது எட்டடித் தொட்டி, அவள் கேட்டது ஆறரையடி. (தொட்டி என்றால் டிரக்கின் பின்பக்கம் சாமான் ஏற்றும் இடம். நம்மூரில் பாடி என்பார்கள். அப்படி எழுதிப் பார்த்தேன், வாக்கியம் வேறெங்கோ போனது. தொட்டியே இருக்கட்டும்.)

"குட்டைய வாங்கு. ஒருநாள் இல்லன்னா ஒருநாள் திரும்பிப் பாப்ப, உன் தலைக்குப் பின்னாடி கண்ணாடி இருக்காது," என்றான் அவன்.

"நெட்டைய வாங்கு. ஒருநாள் இல்லன்னா ஒருநாள் வண்டியத் திருப்பணும்னு நினைப்ப, ரோடு இருக்காது," என்றாள் அவள்.

விற்பவன் உள்ளே புகுந்தான். "அக்கா சொல்றதும் சரிதான், அண்ணன் சொல்றதும்..."

"நீ சும்மா இருப்பா," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

எதையும் வாங்காமலே போய்விட்டார்கள். நான் அவர்களுக்கு மார்லிஸ் என்றும் டெல்பர்ட் என்றும் பேர் வைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

2

மார்லிஸ் புகை வாசனையில் கண்விழித்தாள்.

ஆகஸ்டில் இங்கே எல்லோரும் புகை வாசனையில்தான் கண்விழிக்கிறோம். அடித்துவிட்டேன்.

டெல்பர்ட் தன் வாழ்நாளில் ஒருமுறைகூட மனைவி சொன்னதை

வேண்டாம். இப்படி ஆரம்பித்தால், கடைசியில் அவன் மூக்கை உடைக்கத்தான் இவ்வளவு மண்டைக்கனம் கொடுத்தேன் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள். (அதுதான் என் திட்டம்.)

முதலில் விஷயத்தைச் சொல்கிறேன். இந்த வகைக் குதிரை டிரெய்லரின் மூக்கு, அதாவது முன்பகுதி, டிரக்கின் தொட்டிக்கு மேலே நீட்டிக்கொண்டு போய் அதன் நடுவில் உள்ள இரும்புக் குண்டில் உட்காரும். சட்டென்று ஒடித்துத் திருப்பினால் மூக்கின் மூலை ஓட்டுபவரின் பின்கண்ணாடியைத் தேடி வரும். நீளத் தொட்டி என்றால் இடிக்காது, ஆனால் வண்டி திரும்ப நிறைய இடம் வேண்டும். குட்டை என்றால் கொஞ்ச இடத்தில் திரும்பிவிடும், ஆனால் இடிக்கும். இதற்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் எங்கள் பக்கம் உண்டு.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கும் ஓர் இடம் எனக்குத் தேவைப்பட்டது. அதனால் மலையடிவாரத்தில் தீ வைத்தேன்.

3

மதியமே இருட்டிவிட்டது. கிளம்பச் சொல்லிப் போன் வந்ததும் மார்லிஸ் பெயிண்ட் டப்பாவை எடுத்து மூன்று குதிரைகளின் விலாவிலும் தன் போன் நம்பரை எழுதினாள். காட்டுத்தீ வந்தால் இங்கே செய்கிற வேலைதான் இது. குதிரை தப்பி ஓடினால் கண்டவர்கள் கூப்பிடுவார்கள்.

"என் மேலயும் எழுதிவிடு."

"உன்னப் பாத்தா எவன் கூப்பிடுவான்? போன ஆஃப் பண்ணிட்டுப் போயிருவான்."

டெல்பர்ட் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை, டப்பாவை மூடினாள். பிஸ்கட் என்ற கிழட்டுக் குதிரை ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதைக் கெஞ்சி ஏற்றுவதற்குள் சாம்பல் விழ ஆரம்பித்துவிட்டது.

(முதல் வரைவில் டெல்பர்ட்தான் ஓட்டினான். மார்லிஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கத்துவதைத் தவிர வேலையில்லை. அவளை வைத்துக்கொண்டு அப்படி எழுத எனக்குக் கை கூசியது. அவனுக்கு முழங்கால் ஆபரேஷன் செய்துவிட்டேன். கால் இன்னும் சரியாக மடங்கவில்லை. ஓட்டுவது அவள்.)

மலைச்சாலையில் ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். மூன்றாவது வளைவில் அவள் பிரேக் போட்டாள். கீழே சாலையின் இரண்டு பக்கமும் எரிந்துகொண்டிருந்தது. தப்ப ஒரே வழி, திரும்பி மேலே போய்த் தண்ணீர் பாய்ச்சிய புல்வெளியை அடைவது. திருப்ப ஒரே இடம், பக்கத்து வீட்டுக்காரரின் கேட் முன்னால் கொஞ்சம் அகன்ற மண்தரை.

இப்போதாவது நான் அவர்களுக்கு டிரக் வாங்கித் தர வேண்டும்.

4

நெட்டை டிரக்: முன்சக்கரம் பாறையில் முட்டுகிறது. பின்னால் எடுக்கிறாள். டிரெய்லரின் சக்கரம் பள்ளத்து விளிம்பில் மண்ணைச் சரிக்கிறது. மறுபடி முன்னால், மறுபடி பாறை. கடைசியில் கதவைத் திறந்து குதிரைகளை விரட்டிவிடுகிறார்கள். பிஸ்கட் பயத்தில் நெருப்பை நோக்கியே ஓடுகிறது, விலாவில் அவள் நம்பரோடு

எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். குட்டை டிரக்கே இருக்கட்டும்.

5

டெல்பர்ட் வழிகாட்டக் கீழே இறங்கினான்.

"திருப்பினதும் எனக்காக நிக்காத. பின்கதவுப் படியில தொத்திக்கிறேன். தகரத்துல ரெண்டு தட்டு தட்டுவேன். கேட்டதும் போயிரு."

ரெண்டு தட்டு என்றால் இங்கே எல்லா டிரெய்லர்காரர்களுக்கும் 'ஆச்சு, கிளம்பு' என்று அர்த்தம்.

"உன் முட்டி?"

"முட்டிய நான் பாத்துக்கிறேன். நீ ரோட்டப் பாரு."

அவள் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாள். பக்கக் கண்ணாடியில், புகைக்குள் அவன் கை 'வா, வா' என்றது. டிரக் திரும்பியது. கூடவே டிரெய்லரின் மூக்கு அவள் பிடரியை நோக்கி நகர்ந்து வந்தது. பிரேக்கை மிதித்தாள்.

"கண்ணாடி போயிரும் டெல்!"

இங்கே அவன் சொல்ல வேண்டியது, "நான் அப்பவே சொன்னேன்ல?" அந்த வரிக்காகத்தான் அவனைப் படைத்தேன். பேனாவை வைத்தேன். அவன் வேறு ஏதோ கத்தினான்.

"போனாப் போகுது! தலையக் குனிஞ்சுக்கோ! வா, வா, வா!"

அவனை இத்தனை நாள் தப்பாக நினைத்திருந்தேன். மார்லிஸும்தான் என்று நினைக்கிறேன்.

அவள் குனிந்தாள். கண்ணாடி உடைந்து முதுகில் கொட்டியது. கால் எடுக்காமல் மிதித்தாள். டிரக் மேட்டைப் பார்த்து நின்றது, டிரெய்லர் அதன் பின்னால் நேராகி நின்றது. பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். புகை மட்டும் இருந்தது, கை இல்லை.

"டெல்!"

நெருப்பின் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. குதிரைகள் மிரண்டு தகரத்தை உதைத்துக்கொண்டிருந்தன. அந்த உதைகளுக்கு நடுவே,

டக். டக்.

6

இதுவரைதான் என்னால் முடிந்தது.

அது கையாக இருந்தால், அவன் படியில் தொத்திக்கொண்டு இவள் ஏன் கிளம்பவில்லை என்று தவிக்கிறான். அவள் இறங்கி ஓடிப்போய்ப் பார்க்கும் நேரத்தில் நெருப்பு எல்லோரையும் பிடித்துவிடும். குளம்பாக இருந்தால், மடங்காத காலோடு சாலையில் நிற்கிறான். அவள் கிளம்பினால் டிரெய்லரின் சிவப்பு விளக்குகள் தன்னை விட்டுப் போவதைப் பார்ப்பான். நிக்காத என்று சொன்னவனும் அவன்தான்.

சத்தத்தை எழுதியவன் நான். யாருடையது என்று எழுதவில்லை. மறைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கே தெரியாது.

அவள் கால் பிரேக்கில் இருக்கிறது. நான் எழுதுவதை நிறுத்தினால் நெருப்பும் நின்றுவிடும் என்று கொஞ்ச நேரம் நம்பிப் பார்த்தேன். நிற்கவில்லை. உடைந்த கண்ணாடி வழியாக அனல் உள்ளே வருகிறது.

நீங்கள் சொல்லுங்கள், போகட்டுமா, இறங்கட்டுமா? யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், அவளுக்கு முதுகு சுடுகிறது.